சைபருக்குப் பிறகு வந்த பூனை

அன்று நானாவின் கொமினிகேஷன் கடைக்குள் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான். கடைக்குச் சொந்தக்காரரான நானா. பென்ஷன் கடிதத்தைப் போட்டோ கொப்பி எடுக்க வந்த ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர். பாஸ்போர்ட் படத்துக்காகத் தலை வாரிக்கொண்டிருந்த ஒரு கல்யாணப் பெண். கொப்பி மிசினின் சூட்டில் படுத்துத் தூங்குகிற, யாருக்கும் சொந்தமில்லாத பூனை. ஒரு கையில் தேத்தண்ணிக் கோப்பையும் மறு கையில் கொம்பியூட்டர் மவுஸுமாக நான். என் முதுகுக்குப் பின்னால் சைபர்.

பூனையையும் சேர்த்து ஐந்து பேர் அலறினோம். அலறாதவன் சைபர் மட்டும்தான்.

கண்டி மாநகரத்தில் நேரத்தோடு நேருக்கு நேர் பேச்சுவார்த்தை நடத்திய ஒரே மனிதன் அவன்தான் என்று எந்தக் கோயிலிலும் கற்பூரம் அடித்துச் சொல்வேன். மற்றவர்கள் நேரத்தைக் கையில் கட்டிக்கொண்டு அதற்குப் பின்னால் ஓடுகிறோம். அவன் அதைத் திரையில் உட்காரவைத்து, "இப்ப எறங்கு, இப்ப நில்லு, இப்ப மழையக் கூட்டிட்டு வா" என்று வேலை வாங்கினான். அது சொன்னபடி கேட்டதா என்பது வேறு கதை.

அன்று நடந்தது இது. திரையின் மூலையில் ஓர் எண் குறைந்துகொண்டே வந்தது. மூன்று, இரண்டு, ஒன்று. அடுத்த கணம் ஸ்பீக்கருக்குள்ளிருந்து தீபாவளிச் சரவெடி. என் தேத்தண்ணி எழும்பிப் போய்க் கொப்பி மிசினில் விழுந்தது. மிசினிலிருந்த பூனை தபால்காரரின் தோளில் விழுந்தது. தபால்காரர் கல்யாணப் பெண்ணின் பவுடர் டப்பாவில் விழுந்தார்.

"யா அல்லாஹ்! மிசின்! மிசின்!" என்று நானா தன் சாரத்தின் நுனியாலேயே துடைத்தார்.

"தம்பி, எனக்கு பென்ஷன் வந்து மூணு மாசம்தான் ஆவுது. கொஞ்சம் உயிரோட இருந்து வாங்கிக்கிறேனே?" என்றார் தபால்காரர், வெள்ளை முகத்தோடு.

சைபர் யாரையும் பார்க்கவில்லை. என்னிடம் குனிந்து, மெதுவாக, மிகவும் அக்கறையாகக் கேட்டான்: "அக்கா, வெடி கரெக்டா சைபர்ல வெடிச்சிச்சா, இல்ல கொஞ்சம் பிந்திச்சா?"

அவன் பெயர் என்னவென்று சம்பளம் கொடுக்கும் நானாவுக்குத் தெரிந்திருக்கலாம். எங்கள் சந்துக்கு அவன் சைபர். கணக்குக் கொப்பியில் வாத்தியார் முட்டை முட்டையாகப் போடுவாரே, அந்தச் சைபர்தான். எதைச் செய்தாலும் பத்திலிருந்து கீழே எண்ணிக்கொண்டு வந்து, கடைசியில் ஒரு விரலைத் தூக்கி, "சைபர்!" என்று முடிப்பான். அதற்குப் பிறகுதான் அந்தக் காரியம் தொடங்கும். ரோல்ஸைக் கடிப்பதற்கு முன் எண்ணுவான். தும்மல் வந்தால்கூட எண்ணிப் பார்த்தான் என்பார் நானா. தும்மல் காத்திருக்கவில்லை.

குட்ஷெட் பஸ் ஸ்டாண்டிலிருந்து மேலே ஏறுகிற சந்தில் நானாவின் கடையும் என் சாப்பாட்டுக் கடையும் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தன. என் பக்கம் சோற்றுப் பார்சல், ரோல்ஸ், மீன் வைத்த மாலு பணிஸ். அவர் பக்கம் போட்டோ கொப்பி, போன் ரீலோட், அடையாள அட்டைப் படம், ஒன்லைன் விண்ணப்பம். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த சைபருக்கு அங்கே டைப் அடிக்கிற வேலை. ஆட்கள் இல்லாத நேரத்தில் சின்னச் சின்ன கேம் செய்வது அவனாக எடுத்துக்கொண்ட வேலை. ஆட்கள் இருக்கும் நேரத்திலும் அதைத்தான் செய்தான் என்பது நானாவின் புகார்.

காலையில் என் கடை வாசலில் நின்று கீழே பஸ் ஸ்டாண்டைப் பார்ப்பான்.

"அக்கா, அந்தா நிக்கிது பாருங்க கம்பளை பஸ். இப்ப எடுப்பான். பத்து, ஒம்பது, எட்டு..."

சைபர் வரும். விரல் உயரும். பஸ் அப்படியே நிற்கும்.

"கண்டக்டர் இன்னும் ஆள் கூப்பிடுறான் தம்பி."

"பரவாயில்ல. மறுபடி. பத்து, ஒம்பது..."

நான் அறிய ஒரு பஸ்கூட அவன் சைபருக்கு எடுத்ததில்லை. நின்றுகொண்டு போக ஆள் சேராமல் நம் ஊர் பஸ் நகருமா? ஆனால் அவன் ஒரு நாளும் மனம் தளர்ந்ததில்லை. பிழை பஸ்ஸில்தான் என்பது அவன் முடிவு.

அந்த பஸ்களைப் பார்த்துத்தான் அவன் தன் முதல் பெரிய கேமைச் செய்தான். நீங்கள்தான் கண்டக்டர். டைம்கீப்பர் விசில் அடிப்பதற்குள் பஸ்ஸை நிரப்ப வேண்டும். மூலையில் ஒரு நிமிஷம் இறங்கிக்கொண்டே வரும். இருபதாவது செக்கனில் ஓர் அம்மா பலாப்பழத்தோடு ஏறுவார், அவருக்கு இரண்டு பேருடைய இடம். நாற்பதாவது செக்கனில் மழை வரும், எல்லோரும் ஒரேயடியாக ஓடி வருவார்கள். கடைசிப் பத்தில் வடைக்காரர் ஏறி, இறங்கவே மாட்டார்.

நானா அதில் பெரிய வீரர். பலாப்பழ அம்மாவுக்கு முன்னாலேயே பஸ்ஸை நிரப்பிவிட்டு, மழை வருமட்டும் மீசையைத் தடவிக்கொண்டிருப்பார். "இதெல்லாம் ஒரு வெளாட்டா தம்பி? ஒரு நிமிசத்துல ரெண்டு தரம் வெத்தல போடலாம் போல ஈக்குது," என்பார்.

ஒரு நாள் நானாவின் மருமகன் கத்தாரிலிருந்து புது லப்டொப் ஒன்றைக் கொண்டுவந்தார். சைபர் அதில் கேமைப் போட்டு, "மச்சான், ஆடிப் பாருங்க," என்றான். மருமகன் கதிரையை இழுத்து உட்காருவதற்குள் பலாப்பழ அம்மா ஏறிவிட்டார். "இது யாரு?" என்று கேட்பதற்குள் மழை. மவுஸைத் தொடுவதற்குள் விசில். பஸ்ஸுக்குள் ஒரு வடைக்காரர் மட்டும்.

மருமகன் திரும்பி மாமனாரைப் பார்த்தார். "மாமா, இதுலயா நீங்க சாம்பியன்?"

நானாவின் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன்.

சைபர் அன்று பகல் சாப்பாட்டுக்கு வரவில்லை. நான்தான் பார்சலைக் கொண்டுபோய் வைத்தேன். தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னான்:

"பெரிய பிழை அக்கா. படத்த ஒவ்வொரு தடவ புதுசா வரையும்போதும் நேரத்துல ஒன்ன கழிச்சிருக்கேன். அறுபது தடவ வரைஞ்சா ஒரு செக்கன்னு கணக்கு. நானாவோட மிசின் அறுபது தடவ வரையறதுக்குள்ள மூச்சு வாங்குது. புது மிசின் ஒரே ஓட்டத்துல வரைஞ்சிட்டுப் போயிருது. கடிகாரத்த கேட்டிருக்கணும். நான் மிசின கேட்டிருக்கேன்."

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு இது புரிந்ததுதான் ஆச்சரியம். நான் அல்வாவை நேரம் பார்த்துக் கிண்டுவதில்லை, கரண்டியின் சுற்றை எண்ணித்தான் கிண்டுவேன். என் தங்கச்சி அதே கணக்கை எழுதிக்கொண்டு போனாள். அவள் கை என் கையைவிட இரண்டு மடங்கு வேகம். அவள் வீட்டு அல்வாவைக் கரண்டியால் அல்ல, தம்ளரால் கொடுத்தார்கள்.

"அதேதான் அக்கா!" என்று துள்ளினான். அதற்குப் பிறகு, தன் வேலையை விளங்கிக்கொள்ளக்கூடியவள் இந்தச் சந்தில் நான் ஒருத்திதான் என்று முடிவு செய்துவிட்டான். எனக்கு அது பயமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

பயம் என்று சொன்னேன். என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். நான் பயப்படுகிறவள். கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள். மூடியிருந்தால், ஏன் இவ்வளவு இறுக்கி மூடினேன் என்று யோசிக்கிறவள். ஆனால் மற்றப் பயங்கள் எல்லாம் சில்லறை. பெரிய பயம் ஒன்றுதான்: "இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது." பள்ளிக்கூடத்தில் பரீட்சை மண்டபத்தில் டீச்சர் இதைச் சொன்னதும் என் பேனா நின்றுவிடும். தெரிந்த விடையும் ஓடிப்போகும். அப்பா படுக்கையில் விழுந்து, நான் படிப்பை விட்டுக் கடையில் நிற்க வேண்டி வந்தபோது வீடே அழுதது. எனக்கும் அழுகை வந்தது. ஆனால் இனி அந்த வசனத்தைக் கேட்க வேண்டாம் என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி மூச்சும் வந்தது.

அந்த வசனம் இத்தனை வருஷம் கழித்துத் தேடி வந்தது. என் வியாபாரத்தின் உயிரே பேராதனை வீதியிலுள்ள ஓர் அலுவலகத்துக்குப் போகும் பகல் சாப்பாட்டுப் பார்சல்தான். அதைக் கொண்டுபோன ஆட்டோக்காரர், மாதம் முடிய வெளிநாடு போகிறேன் என்றார். என் வீட்டுக்காரருக்கு சைக்கிளே சரிவராது. ஆகவே ஸ்கூட்டர் ஒன்றை லீஸிங்கில் எடுத்தேன். ஓட்டப் பழகினேன். ஓடிக் காட்டுவதில் எனக்குப் பயமில்லை. லைசன்ஸுக்கு எழுத்துப் பரீட்சை ஒன்று இருக்கிறதே, அது கொம்பியூட்டரில். மூலையில் நேரம் இறங்கிக்கொண்டே வரும்.

முதல் தடவை போனேன். கேள்விகளை விட்டுவிட்டு அந்த மூலையையே வாசித்துக்கொண்டிருந்தேன். ஃபெயில். மறுபடி திகதி கிடைத்தது மாதக் கடைசியில். அதிலும் விட்டால் அலுவலகம் வேறு கடை பார்த்துக்கொள்ளும். ஸ்கூட்டரை லீஸிங்காரன் பார்த்துக்கொள்வான்.

இதை சைபரிடம் சொல்லி அழுதேன். "இதுக்குப் போயா அக்கா? நான் ஒரு கேம் செஞ்சு தாறேன். வீதிச் சட்டக் கேள்வி, நாலு விடை, மூலைல நேரம். ஆடி ஆடிப் பழகிருவீங்க," என்றான். செய்தும் தந்தான். அதன் முதல் ஆட்டத்தில்தான் அந்தச் சரவெடி.

மிசினைத் துடைத்து, தபால்காரரைத் துடைத்து, பூனையை அலுமாரிக்கு மேலிருந்து இறக்கிய பிறகு நான் சொன்னேன், "தம்பி, எனக்கு இது வேணாம். நான் லைசன்ஸ் இல்லாமலே செத்துப் போறேன்."

சைபர் கதிரையைப் போட்டு எனக்கு எதிரில் உட்கார்ந்தான்.

"அக்கா, ஒன்னு கேக்கவா? சைபர் வந்தா என்ன நடக்கும்னு பயப்படுறீங்க?"

யோசித்தேன். என்ன நடக்கும்? டீச்சர் தாளைப் பிடுங்குவார். சரி, அதற்குப் பிறகு? மணி அடிக்கும். அதற்குப் பிறகு? எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். நானும்தான். இத்தனை காலம் பயந்திருக்கிறேன், என்ன நடக்கும் என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை.

"தெரியல தம்பி."

"தெரியாதில்ல? அதுதான். எண்ணு தன்பாட்டுக்கு எறங்கும். சைபர் வந்தா என்ன நடக்கணும்ங்கிறது யாராவது உக்காந்து எழுதணும். எழுதாட்டி ஒன்னுமே நடக்காது. நான் வெடின்னு எழுதினேன், வெடிச்சிச்சு. நீங்க சொல்லுங்க, என்ன நடக்கட்டும்?"

"ஒன்னும் நடக்க வேணாம்."

"சும்மா சொல்லுங்கக்கா. என்ன வேணும்னாலும்."

அந்த நேரம் பூனை திரும்பவும் மிசின் மேல் ஏறி, ஈரத்தை முகர்ந்து, முகத்தைச் சுளித்தது. "பூனை வரட்டும்," என்றேன்.

மறுநாள் எண் இறங்கிச் சைபருக்கு வந்தபோது, திரையின் இடது பக்கத்திலிருந்து ஒரு பூனை நடந்து வந்தது. நடுவில் நின்று என்னைப் பார்த்தது. கொட்டாவி விட்டது. வலது பக்கம் போய்விட்டது. அவ்வளவுதான். நான் சிரித்தேன். பரீட்சை என்று பெயர் கொண்ட ஒன்றின் முன்னால் நான் சிரித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

பிறகு தினம் ஒரு சைபர். ஒரு நாள் கோழி வந்து முட்டையிட்டது. ஒரு நாள் பலாப்பழ அம்மா வந்து, எனக்கும் ஒரு சுளை வைத்துவிட்டுப் போனார். ஒரு நாள் பஸ் வந்து நின்றது. உள்ளேயிருந்து நானாவின் சொந்தக் குரல்: "அவசரமில்ல புள்ள, மெல்ல ஏறு, எடமீக்குது!" அந்த ஒரு வசனத்தைப் பதிய நானா நாள் பூராவும் கடைக்கதவைச் சாத்தி வைத்துத் தொண்டையைச் செருமினார். பதிந்த பிறகு அதைக் கேட்க ஆள் கூட்டி வந்தார்.

சந்தே வரத் தொடங்கியது. கொப்பி எடுக்க வந்தவர்கள் கொப்பியை மறந்து நின்றார்கள். தபால்காரர் கொப்பி எடுக்க ஒன்றுமில்லாமலே வந்தார். "இன்னிக்கு என்னம்மா வரும்? நேத்து யானை வந்திச்சாமே, நான் இல்லாமப் போயிட்டேனே."

இதில் ஒரு சிக்கல் முளைத்தது. எண் சைபருக்கு வருவது எனக்கு அவ்வளவு பிடித்துப்போய்விட்டது. கேள்வியை வாசிப்பதை விட்டுவிட்டேன். மவுஸை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு, எண் எப்போது இறங்கி முடியும் என்று காத்திருக்கத் தொடங்கினேன்.

சைபர் பதறிப்போனான். "அக்கா! மார்க் சைபர்!"

"பூனை வந்திச்சே தம்பி."

"பரீட்சைல பூனை வராதுக்கா! ஐயோ, நான் மருந்த கூடக் குடுத்துட்டேன்."

அன்றிரவே விதியை மாற்றினான். எல்லாக் கேள்விக்கும் விடை போட்டால்தான் பூனை வரும். போடாவிட்டால் சைபரில் நானாவின் வேறொரு குரல் வரும்: "என்ன புள்ள, வெக்கமில்லயா?" இதையும் நானா மிக விருப்பத்தோடு பதிந்து தந்தார். அதற்குப் பயந்து படித்தேன். ஒரு வழிப்பாதை, மஞ்சள் கோடு, ரவுண்ட் எபவுட், எல்லாம் மண்டைக்குள் ஏறியது. விடையெல்லாம் போட்டு முடித்த பிறகும் எழும்ப மாட்டேன். பூனைக்காக மிச்ச நேரத்தையும் உட்கார்ந்தே கழிப்பேன்.

எனக்கு இதில் வேறொரு லாபமும் இருந்தது. ஓர் ஆட்டம் கால் மணிநேரம். உலையில் அரிசியைப் போட்டு, கொதி வந்து அடுப்பைக் குறைத்தால், என் அரிசி வடிக்கிற பதத்துக்கு வர அதே கால் மணிநேரம். ஆகவே அடுப்பைக் குறைத்துவிட்டுப் பக்கத்தில் போய் ஓர் ஆட்டம். பூனை போனதும் ஓடி வந்து வடிப்பேன். நானாவின் கடைக் கடிகாரம் நின்று கனகாலம், அவருக்குப் பள்ளிவாசலின் பாங்குச் சத்தமே போதும். எனக்குப் பூனை.

அந்த வாரம் சோறு குழைந்தது. மறுநாளும் குழைந்தது. "அக்கா, இன்னிக்கி பார்சலுக்கு ஸ்ட்ரோ குடுக்கலயா?" என்று அலுவலகத்திலிருந்து போன் வந்தது. லைசன்ஸ் வருவதற்குள் வியாபாரம் போய்விடும் போல. சந்தேகமே இல்லாமல், அரிசி அனுப்புகிற கம்பளை முதலாளிக்குப் போன் அடித்தேன்.

"முதலாளி, என்ன அரிசி அனுப்பியிருக்கீங்க? முத்திரை ஒட்டுறதுக்கு நல்லாருக்கு. தபால் கந்தோருக்குக் குடுங்க."

"அம்மா, அதே அரிசிதாம்மா. அதே மில்லு."

"அதே அரிசின்னா என் கை மாறிப்போச்சா?"

பாவம், அந்த மனிதர் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டார். நான் விடவில்லை. பயப்படுகிறவர்களுக்குக் கோபம் வந்தால் கொஞ்சம் அதிகமாகத்தான் வரும். கொஞ்சம் கொஞ்சமாகச் சோறு சரியாகி வந்தது. பரீட்சை வாரத்தில் சோறு மல்லிகைப் பூ மாதிரி. முதலாளிக்கு நல்லாத்தான் உறைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பரீட்சை நாள். மண்டபம் குளிர்ந்தது. கொம்பியூட்டர்கள் வரிசை வரிசையாக இருந்தன. மூலையில் எண். அது இறங்கத் தொடங்கியதும் வழக்கம்போல என் கண் அந்த மூலைக்கே ஓடியது. அப்போது எனக்கு ஓர் எண்ணம் வந்தது: இதற்கும் யாரோ ஒருவன் உட்கார்ந்து எழுதியிருப்பான். அவனுக்கும் ஒரு நானா இருப்பார், "வேலையப் பாரு தம்பி" என்று கத்தியிருப்பார். சைபர் வந்தால் என்ன நடக்க வேண்டும் என்று அவன் என்ன எழுதியிருப்பான்? கோழியா? பஸ்ஸா?

சிரிப்பு வந்துவிட்டது. மேற்பார்வைக்கு நின்ற மிஸ், "மொகத ஹினா வென்னே?" என்றார். ஏன் சிரிக்கிறீங்க என்கிறார். பூனை என்று சிங்களத்தில் சொல்லத் தெரியும், ஆனால் சொல்லவில்லை. கேள்விக்குத் திரும்பினேன். மஞ்சள் கோடு வந்தது. ரவுண்ட் எபவுட் வந்தது. எல்லாம் நம் சந்தின் ஆட்களாகவே வந்தார்கள். ஒவ்வொரு நிமிஷமும் பழகிய நீளத்தில்தான் போனது. முடித்துவிட்டேன். மூலையில் இன்னும் நேரம் இருந்தது.

மற்றவர்கள் ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். நான் போகவில்லை. "முடிஞ்சா போகலாம்," என்றார் மிஸ், இப்போது தமிழில். "இருக்கேன் மிஸ், கொஞ்சந்தான்," என்றேன். என் பேனாவை நிறுத்திய அந்த எண் ஒவ்வொன்றாக இறங்குவதை, படம் பார்ப்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். மூன்று, இரண்டு, ஒன்று.

நேரம் முடிந்தது, நன்றி என்று ஒரு வரி வந்தது. அவ்வளவுதான். இடது பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். யாரும் வரவில்லை. பயம் வரவில்லை. கொஞ்சம் ஏமாற்றம்தான் வந்தது.

பாஸ்.

சந்துக்குள் வந்தபோது நானா வாசலில் நின்றார். என் முகத்தைப் பார்த்ததும், "அல்ஹம்துலில்லாஹ்! டேய் தம்பி, வெளிய வா, ஒன்ட அக்கா பாஸு!" என்று கத்தினார். தபால்காரர் கையிலிருந்த வெற்றுக் காகிதத்தைக் கொடியாக ஆட்டினார்.

நான் சைபருக்கு மாலு பணிஸ் கொடுத்தேன். அவன் எண்ணாமலே கடித்தான். அதிலேயே அவன் சந்தோஷம் தெரிந்தது.

"தம்பி, ஒன்னு சொல்லணும். பரீட்சை நிமிஷமும் ஒங்க நிமிஷமும் அச்சு அசல் ஒரே நீளம். அதுதான் என்னய காப்பாத்திச்சு."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். "ஆமாக்கா. இப்ப ஒரே நீளந்தான்."

"இப்பன்னா?"

சைபர் பூனையைப் பார்த்தான். பூனை வேறு பக்கம் பார்த்தது.

"கோவிக்காதீங்க. பழைய பஸ் கேம்ல இருந்து டைமர வெட்டி ஒட்டினேன். திருத்தினத இல்ல, திருத்தாதத. மிசின எண்ணுற அந்தப் பழைய பிழை. அதனால ஒங்க கால் மணிநேரம் நானாவோட மிசின்ல... நல்லா இழுபட்டுப் போச்சு."

"எப்ப தெரிஞ்சிச்சு?"

"ரெண்டாவது வாரமே. அன்னிக்கே திருத்தத்தான் ஒக்காந்தேன். அன்னிக்குத்தான் நீங்க முதல் தடவையா சைபர் வர முந்தி எல்லாத்தையும் முடிச்சீங்க. எழும்பி நின்னு கை தட்டினீங்கக்கா, ஒங்களுக்கே. நான் எப்படி திருத்துறது?" பணிஸின் காகிதத்தை மடித்தான். "அதனால ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சேன். ஒங்களுக்குத் தெரியாத அளவுக்கு. முந்தாநாள்தான் சரியான கடிகாரத்துக்கு வந்து சேர்ந்திச்சு. பரீட்சைக்கு முந்தி வந்து சேருமான்னு எனக்குத்தான் நித்திரை இல்ல."

எனக்காக ஒருவன் நிமிஷத்தை இழுத்துப் பிடித்து, தினமும் ஒரு மயிரிழை விட்டுக்கொடுத்திருக்கிறான். இன்னொரு பணிஸை எடுத்து அவன் கையில் வைத்தேன். பிறகுதான் மண்டைக்குள் ஒரு பானை பொங்கியது.

சோறு!

கம்பளை முதலாளிக்கு உடனே அடித்தேன். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் அடித்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் தொடங்கிவிட்டார். "அம்மா! நானே எடுக்கணும்னு இருந்தேன். நீங்க ஏசின பிறகு மில்லையே மாத்திட்டேன்மா. இப்ப வாங்குறவங்க எல்லாம் அரிசிய புகழுறாங்க. ஒங்களுக்குப் புண்ணியம்!"

"அப்பிடியா முதலாளி? ரொம்ப சந்தோசம்," என்று போனை வைத்துவிட்டேன். இன்றுவரை அந்தச் சோறு மில்லால் சரியானதா, சைபரால் சரியானதா என்று எனக்கே தெரியாது.

கொஞ்ச நாளில் சைபருக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது. போன் கேம் செய்கிற இடம். நானா முதலில் ஏசினார், பிறகு ஒரு புதுப் பேக் வாங்கிக் கொடுத்தார், பிறகு பூனையிடம் முறையிட்டார்.

போகும் அன்று அவனை நான்தான் ஸ்கூட்டரில் குட்ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். எங்கள் சந்திலிருந்து அது நடக்கிற தூரம்தான். ஆனால் லைசன்ஸ் எடுத்தவள் நான், நடத்திக்கொண்டு போவேனா? பின்னால் பேக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சிக்னல் விளக்கைப் பார்த்து எண்ணினான். பச்சை அவன் சைபருக்கு வரவில்லை.

"பிழை லைட்டுலதான்," என்றேன்.

"இல்லியா பின்னே?" என்றான்.

சோற்றுப் பார்சலைக் கையில் கொடுத்தேன். கொழும்பு பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. கண்டக்டர் இன்னும் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். எனக்குக் கவலைகள் வரிசையில் நின்றன: அங்கே என்ன சாப்பிடுவான், அறைக்கு மின்விசிறி இருக்குமா, கேஸ் அடுப்பு வைத்திருந்தால் மூடுவானா. ஒன்றையும் கேட்கவில்லை. கேட்டால் குரல் உடைந்துவிடும் என்று அடுத்த கவலை.

அவனுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஜன்னலால் தலையை நீட்டி, தனக்குத் தெரிந்த ஒரே வழியில் விடைபெற்றான்.

"அக்கா, இப்ப எடுப்பான் பாருங்க. பத்து... ஒம்பது..."

நான் சிரித்தேன். எடுக்க மாட்டான், எனக்குத் தெரியும். பாதி சீட் காலி.

"எட்டு... ஏழு... ஆறு..."

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சைபர் வரும், விரல் தூக்குவான், பஸ் நிற்கும், மறுபடி பத்திலிருந்து தொடங்குவான். அப்படியே மாலைவரை போகட்டும் என்றுதான் நான் அங்கே நின்றேன்.

"அஞ்சு... நாலு..."

டைம்கீப்பர் என்ன கோபத்தில் இருந்தாரோ, நீளமாக ஒரு விசில். கண்டக்டர் தாவி ஏறினான். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கி, எடுத்தேவிட்டது. ஜன்னலில் அவன் வாய் திறந்தபடியே இருந்தது. விரல் பாதி உயர்ந்திருந்தது. நான் கை காட்டுவதற்குள் பஸ் வளைவைத் திரும்பிவிட்டது.

ஆக, அவன் எனக்கு இன்னும் மூன்று செக்கன் பாக்கி.